மூட்டத்துக்குள் இரண்டாம் பாகம்

இரண்டாம் பாகம் என்றாலே எனக்கு ஆகாது. முதல் பாகத்தில் மலையிலிருந்து விழுந்து செத்தவன் இரண்டாம் பாகத்தில் தாடி வைத்துக்கொண்டு திரும்பி வருவான். இல்லாவிட்டால் அவனுக்கு எங்கிருந்தோ ஒரு தம்பி முளைப்பான். முடிந்த கதையைப் பிடித்து இழுப்பது ஆறிப்போன தேத்தண்ணியை மறுபடி சுடவைத்துக் குடிக்கிற மாதிரி. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன், அப்படிக் குடிக்கக் கூடாது.

அப்படிப்பட்ட நான் ஒரு இரண்டாம் பாகத்துக்காக ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தேன். காரணம் பக்கத்து வீட்டு அக்கா.

அக்கா எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் பக்கம் ஆணி அடித்தால் என் பக்கம் சுண்ணாம்பு உதிரும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. ஒரே மகள் கீழே கிள்ளான் பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் புருஷன் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஓய்வு வயது தாண்டிய பிறகும் அக்கா தினக்கூலிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வேலை இருக்கிறவருக்குத்தான் தோட்டத்து வீடு. வேலை நின்றால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்த வீட்டை விட்டால் என் வீடு என்று சொல்லிக்கொள்ள அக்காவுக்கு வேறு இடம் கிடையாது. மகள் வீடு என்னதான் இருந்தாலும் மகள் வீடுதான் என்பார்.

திடீரென்று அவர் டிவி பார்ப்பதை நிறுத்தினார். சீரியல் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. போய்ப் பார்த்தால் விளக்கடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். "டிவில எந்நேரமும் ஒரே அழுகைலா. இது தேவல," என்பார். மகள் அனுப்புகிற நாவல்களை அவர் படித்து முடித்ததும் எனக்குத் தருவார். நான் முடித்து வேறு யாருக்காவது தள்ளிவிடுவேன். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, அதனால்தான் டிவி போய்ப் புத்தகம் வந்தது என்பது எனக்கு உறைக்க நெடுநாள் பிடித்தது. வாசிப்பு ஆசை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், மண்டு.

அந்த நாவலின் முதல் பாகமும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. இனி வரப்போகிற ஏதோ ஒரு காலத்தில் நடக்கிற கதை. மலைமேல் ஒரு நகரம், சுற்றிலும் வேலி. தினமும் பொழுது சாயும்போது கோபுரத்திலிருந்து சங்கு ஊதுவார்கள். உடனே ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் அந்த வீட்டுக்காரர் தன் குரலில் பதில் சொல்ல வேண்டும். ஒரு வீடு பேசாவிட்டால் அந்தத் தெருவுக்கே தண்ணீர் நின்றுவிடும். அதனால் யாராவது காணாமல் போனால் பக்கத்து வீட்டுக்காரர் அவர் குரலிலும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். முதலில் பயத்தினால், போகப் போகப் பழக்கத்தினால். ஆட்கள் குறைந்துகொண்டே போக, குரல்கள் மட்டும் குறையவே குறையாது. கடைசியில் ஒருத்தி வேலியைத் தாண்டி இருட்டுக்குள் இறங்கிப் போகிறாள். அதோடு முற்றும்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "அவ உசுரோட இருக்காளா இல்லியா? அதச் சொல்லாம எவனாச்சும் முற்றும்னு போடுவானா? பொறுப்பத்த மனுசன்," என்று எழுதியவரைத் திட்டித் தீர்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஏண்டி, இந்த ஆளு நம்ம சரிவுக்கு வந்து பாத்துட்டுப் போயிருப்பானோ?" என்று கேட்டார். படிக்கும்போது நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

எங்கள் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிதமான மேட்டில் எல்லாம் வங்காளதேசத்துப் பையன்கள் மிஷின் பிடித்து ஓட்டிக் கொழுந்து வெட்டுகிறார்கள். மிஷின் ஏற முடியாத செங்குத்தான இடத்துக்குத்தான் எங்களைப் போட்டிருக்கிறார்கள். பை மாட்டிய பெரிய கத்தரிக்கோலால் கையால் வெட்ட வேண்டும். ஆளுக்கொரு வரிசை, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. கடைசி வரிசைக்குக் கீழே ஒரு ஆழமான கால்வாய். அதற்கும் கீழே பள்ளம், பள்ளம் முழுக்கக் காடு. மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. கத்தரிக்கோல் சத்தம் கூட எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது.

அந்த நேரத்தில் கங்காணி உச்சியில் நின்று, "ஓ...ய்!" என்று கூப்பிடுவார். முதல் வரிசைக்காரி குரல் கொடுப்பாள். அது காதில் விழுந்ததும் அடுத்தவள். இப்படியே ஒருவர் குரலைக் கேட்டு ஒருவராகக் கீழே வரை போகும். ஒவ்வொருத்திக்கும் ஒரு குரல் உண்டு. ஒருத்தி வெறுமே "ஓ" என்பாள். ஒருத்தி "முருகா" என்பாள். நான் "ஆமா" என்பேன், அதையும் கொஞ்சம் எரிச்சலோடு. அக்கா தொண்டையை லேசாகச் செருமிவிட்டு, "இருக்கேன்," என்பார். கடைசிக் குரல் கேட்ட பிறகுதான் கங்காணிக்கு மூச்சு வரும்.

நடுவில் எவளாவது அவசரத்துக்கு ஒதுங்கியிருந்தால் பக்கத்து வரிசைக்காரி அவள் குரலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். இது எங்கள் அம்மாமார் காலத்திலிருந்து நடக்கிறது. கங்காணிக்கும் தெரியும். ஆம்பிளை அவர், அதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

அக்காவுக்குக் காது போகப் போக, முறை அவரிடம் வந்து நிற்க ஆரம்பித்தது. அவருக்கு நேர் மேல் வரிசையில் நான் "ஆமா" என்று கத்துவேன். கீழே மௌனம். இரண்டு முறை கங்காணி திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். காது கேட்காத ஆளைப் பள்ளத்தோரம் விட முடியாது. ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அக்காவுக்குக் கீழ் வரிசையில் வெட்டுகிற பெண், பக்கத்து டவுன் கம்போங் ராஜாவிலிருந்து எங்கள் லயத்துக்கு மருமகளாக வந்தவள், யாரும் சொல்லாமலே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். முறை வந்ததும் முதலில் அக்கா குரலில் ஒன்று, பிறகு தன் குரலில் ஒன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அக்காவுக்கும் விஷயம் தெரியும். வெள்ளிக்கிழமை பாயசம் வைத்தால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு கிண்ணம் தனியாகப் போகும்.

முதலில் அவள் போட்ட குரல் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கிழவி வேஷம் போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. ஆனால் அவள் கெட்டிக்காரி. நாளாக நாளாக அந்த இழுப்பு வந்தது, நடுக்கம் வந்தது. பிறகு அந்தச் செருமல் வந்தது. ஒருநாள் மூட்டத்தில் அக்கா என் வரிசைக்கே ஏறி வந்து கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தார். என் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கிறார். வாய் மூடியிருக்கிறது. கங்காணி கூப்பிட்டார், நான் "ஆமா" என்றேன். கீழே வெள்ளைக்குள்ளிருந்து அக்காவின் குரல் செருமிக்கொண்டு, "இருக்கேன்," என்றது. அக்கா எதுவும் காதில் விழாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு முழுக்க அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வெட்டினேன். "என்னாடி, பசை மாதிரி ஒட்டுற?" என்று கேட்டார்.

இந்தச் சமயத்தில்தான் இரண்டாம் பாகம் வந்தது. மகள் பஸ்ஸில் கொடுத்தனுப்பி, அக்கா கம்போங் ராஜா போய் வாங்கி வந்தார். அட்டையில் மூடிய கதவு ஒன்று. ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"போன வாட்டி நான் மொதல்ல படிச்சேன். இந்த வாட்டி நீ. அதான் ஞாயம்."

"நீங்கதானக்கா தவிச்சிக்கிட்டு இருந்தீங்க?"

"தவிச்சா என்ன? ஆனா ஒண்ணு. அவ உசுரோட இருக்காளான்னு வாயத் தொறந்தே, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன்."

மழைக்காலம் அது. வேலை விட்டு வந்து, ஈரத்துணியை அடுப்பு மேல் கட்டிய கொடியில் போட்டுவிட்டு, சமையலுக்கு முன்னால் ஒரு அத்தியாயம் படிப்பேன். அவள் உயிரோடுதான் இருக்கிறாள். வெளியே எங்கெங்கோ அலைந்துவிட்டு, பல வருஷம் கழித்து வேலிக்கு வெளியே வந்து நிற்கிறாள். பொழுது சாய்கிறது. சங்கு ஊதுகிறது. ஒவ்வொரு வாசலாகப் பதில் வருகிறது. அவளுடைய தெரு வருகிறது. அவளுடைய வீட்டிலிருந்து அவளுடைய குரலே பதில் சொல்கிறது. அவள் போகும்போது எப்படி இருந்ததோ அதே குரல், வயசாகாமல். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கழுவுவது அவர்தானா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வந்தேன். என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனால் பார்த்த பிறகுதான் உலை வைக்க முடிந்தது.

மறுநாள் காலையிலேயே மழை தூறிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. எப்போதும் மேலிருந்து இறங்கும், அன்றைக்குக் கீழிருந்து ஏறியது. கங்காணி கூப்பிட்டார். குரல்கள் இறங்கின. நான் "ஆமா" என்றேன். செருமல். "இருக்கேன்." பிறகு அந்தப் பெண்ணின் சொந்தக் குரல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கத்தரிக்கோலை மறுபடி எடுத்தேன்.

எடுத்தவள் அப்படியே நின்றேன். நேற்றுப் படித்தது நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசையில் செடி அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. இடையில் நுழைந்து அக்காவின் வரிசைக்குப் போனேன். வெட்டிய இடம் பாதியில் நின்றிருந்தது. ஆள் இல்லை. ஒதுங்கியிருப்பார் என்று கொஞ்சம் பொறுத்தேன். கங்காணி மறுபடி கூப்பிட்டார். என் முறைக்கு வாய் தானாக "ஆமா" என்றது. வெறும் செடிகளுக்கு நடுவே நான் நிற்கிறேன், அக்கா இருக்கிறார் என்று அக்காவின் குரல் சொல்கிறது.

"நிறுத்துடி!" என்று கத்தினேன். "அது அக்கா இல்ல! கங்காணி, அது அக்கா இல்ல! அக்காவக் காணோம்!"

அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கத்தும்போதே அவருடைய வீடு என் கண்முன் வந்து போனது. ஆனாலும் கத்தினேன். இன்றைக்கு நடந்தாலும் கத்துவேன்.

கங்காணி தடுமாறிக்கொண்டு இறங்கி வந்தார். மூட்டத்தில் ஆளைத் தேடுவது என்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போவோம். வாயைத் திறந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, இந்த ஆளைக் கூப்பிட்டுப் பயனில்லை. நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்கு அது மழை. எல்லோரும் வாயடைத்துப் போனோம். அந்தப் பெண் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்த மௌனத்தில்தான் கேட்டது. கீழே, வெகு கீழே, பள்ளத்தின் பக்கமிருந்து நூல் மாதிரி ஒரு குரல். "இருக்கேன்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் வாய் அடைத்தபடியே, நான் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக இறங்கினோம். ஒதுங்கப் போய் மூட்டத்தில் வழி தப்பிச் சறுக்கிய அக்கா கால்வாய்க்குள் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் மடங்கிக் கிடந்தது. தண்ணீர் இடுப்பு வரை ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் கால்வாய் இல்லை, பள்ளம்தான். யாருக்கும் கேட்கிறதா இல்லையா என்று தெரியாமல், நாங்கள் கூப்பிடுவோம் என்ற நம்பிக்கையில், தானாக நேரம் கணக்குப் பண்ணிக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் குரல் எங்கள் யார் காதிலும் ஏறவில்லை. அதே குரல் மேலே இன்னும் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்ததே.

"தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு," என்றார் கங்காணி, அவரைத் தூக்கி லாரியில் ஏற்றும்போது. அக்கா அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "தலப்பாகைன்னு எதச் சொல்றீங்க? என் வீட்டையா?" என்று கேட்டார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். தோட்டத்து மேனேஜர் துரை நேரில் வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. நல்லபடியாகவே பேசினார். பொங்கல் முடியட்டும், கால் ஆறட்டும், அப்புறம் மகள் வந்து கூட்டிப் போகட்டும் என்றார். சொன்ன சொல்லில் குறை இல்லை. ஆனால் முடிவு ஒன்றுதான். சாவி.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் கஞ்சி கொண்டு போனால் குடிப்பார், கிண்ணத்தைக் கழுவி வைப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். ஒருநாள் பொறுக்காமல், அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "செத்துப் போயிருப்பீங்கக்கா!" என்று கத்தினேன்.

"என் வீட்டுல செத்திருப்பேன்," என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த இரண்டாம் பாகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். வேலிக்கு வெளியே நின்றவள் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுகிறாள். வந்தவழியே இருட்டுக்குள். மறுபடியும் முற்றும். நல்லவேளை எழுதியவர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை.

மகள் காரோடு வந்த அன்று அக்காவின் பையில் புத்தகத்தை வைத்தேன். அவர் பார்த்தார். எடுத்து வெளியே போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. ஜிப்பை இழுத்து மூடினார். கார் கிளம்பும்போது லயத்தில் எல்லோரையும் பார்த்துக் கையசைத்தார். நான் நின்ற பக்கம் கை வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் மூட்டத்தில் நடந்தது இது. ஒருத்திக்காக இன்னொருத்தி குரல் கொடுத்தால் வேலையை விட்டுத் துரத்துவேன் என்று கங்காணி ஏற்கனவே சொல்லியிருந்தார். கூப்பிட்டார். குரல்கள் இறங்கின. நான் "ஆமா" என்றேன். அதோடு நின்றுவிட்டது. எனக்குக் கீழே இப்போது அந்தப் பெண்தான். அவள் அக்காவின் குரலைக் கேட்ட பிறகு தன் குரலைக் கொடுத்துப் பழகியவள். காத்துக்கொண்டு நின்றாள். அவள் நின்றதால் கீழே இருந்தவர்களும் நின்றார்கள். கங்காணி மறுபடி கூப்பிட்டார், மறுபடியும். அவர் குரலில் பயம் ஏறியது. யார் விழுந்தது என்று கத்தினார். அப்போது கீழேயிருந்து செருமல் கேட்டது. "இருக்கேன்." உடனே மற்றக் குரல்கள் எல்லாம் கட்டவிழ்ந்த மாதிரி ஓடி இறங்கின. துரத்துவேன் என்ற கங்காணி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அக்கா தினமும் எங்கள் சரிவில் இருக்கிறார்.

சித்திரை வருஷப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டாம் பாகம். கிள்ளானிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, எனக்கு இல்லை, அவளுக்கு. புத்தகமே தொடாதவள், இரண்டு நாள் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது.

"இத ஏங்க்கா எனக்கு அனுப்புனாங்க? நான் கெட்டது பண்ணிட்டேனா?"

"நீ பண்ணது கெட்டதுன்னா நாங்க எல்லாரும் பண்ணது என்ன? சும்மா ஒளறாத," என்று அதட்டினேன். ஆனால் எனக்கும் பதில் தெரியவில்லை. அக்காவின் மகளைப் போனில் பிடித்தேன். வீடியோவில் அக்கா வந்தார். காதுக்குப் பின்னால் சின்ன மிஷின். நான் கத்தப் போனேன்.

"கத்தாதடி, கேக்குது," என்றார். எத்தனை நாள் கழித்து என்னிடம் பேசுகிறார்! "எல்லாம் கேக்குது. லிப்ட் ஏறுறது எறங்குறது கேக்குது. மேல் வீட்டுல நாற்காலி இழுக்குறது கேக்குது. எல்லாரும் வேலைக்குப் போயிட்டா, பிரிட்ஜ் கூட மூச்சு விடுறது கேக்குது. யாராச்சும் கூப்புடுறதுதான் கேக்க மாட்டேங்குது."

நான் பேச்சை மாற்றினேன். புத்தகத்தை ஏன் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"என் குரல வச்சிருக்குறது அவதானே? அப்ப அவதான் படிக்கணும்." போனை முகத்துக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். "அந்த வேலிப் பக்கம் வந்தவ இருக்காளே, மடச்சி. அத்தன தூரம் நடந்து வந்துட்டு, வாயத் தொறக்காமப் போயிட்டா. நானா இருந்தா தொறந்திருப்பேன்." பிறகு, "இன்னும் குடுக்குறாளா?" என்று கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "குடுக்குறா," என்றேன்.

"எனக்குக் கேக்கணும். இல்ல, கேக்க வேணாம். நானே குடுக்குறேன். மூட்டம் வர்றப்ப போன் போடு."

எங்கள் வரிசைகளில் சில இடத்தில்தான் லைன் கிடைக்கும். நான் நிற்கிற இடத்தில் கிடைக்கிறது. அடுத்த மூட்டம் வந்ததும் மகளின் போனுக்கு அடித்தேன். அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, இன்றைக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டித்து வைத்திருந்தேன். அவள் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். எங்களைத் தவிர எல்லாம் வெள்ளை. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன். உள்ளே அக்கா மூச்சு விடுவது கேட்டது.

கங்காணி கூப்பிட்டார். ஒவ்வொரு குரலாக இறங்கி வந்தது. நான் "ஆமா" என்றேன்.

"இருக்கேன்," என்றார் அக்கா.

செருமவில்லை. இழுக்கவில்லை. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று அடக்கி அடக்கிப் பேசிப் பழகிய குரல் அது. காது கேட்கிறவர்கள் பேசுகிற மாதிரி, அளவாக, சின்னதாக வந்தது. எங்கள் சரிவில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

மேலேயிருந்து கங்காணி எரிச்சலோடு கத்தினார். "யாரு அது? அவங்க மாதிரியே இல்லியே இன்னிக்கி! வெளையாடாம ஒழுங்காக் குடு!"

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். நான் தலையசைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கீழே எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி இன்னொரு முறை கூப்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "இருக்கேன்," என்றாள்.

மற்றக் குரல்கள் பள்ளம் வரை ஓடி இறங்கின. கடைசிக் குரல் வந்ததும் கங்காணி, "ஆங், சரி," என்றார். கத்தரிக்கோல்கள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தன. லைன் அறுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனைக் கீழே இறக்கிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"நல்லாத்தான் சொல்றா," என்றார் அக்கா.